மருத்துவர் ஏடும் ஆய்வுக் கருவியும்

1. தோற்றுவாய்

கோயிற் சுவரில் நிலக்கொடையைப் பொறித்த கற்றச்சன் பிற்கால வரலாற்றாசிரியனுக்காக உளியெடுத்தானல்லன். கொடுத்தவர் இன்னார், கொடுத்த நிலம் இத்துணை, அதன் நான்கெல்லை இவை என்பன அழியாது நிற்றல் வேண்டும் என்பதே அவனை ஏவினோர் கருத்து. ஆயினும் அக்கல்வெட்டினின்றே அரசர் ஆண்டு, நீர்ப்பாய்ச்சல், இறை, அளவை முதலிய பலவற்றை நாம் அறிகின்றோம். பிறிதொரு நோக்கத்திற்காக எழுதப்பெற்றதனைத் தன் ஆய்வுக்குக் கொள்வோன், எழுதியவன் எதனைக் கருதி எழுதினான், எதனை எழுதாது விட்டான் என்பவற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இது சாசன ஆராய்ச்சியாளர் அனைவர்க்கும் உடன்பாடான நெறியாகும்.

இந்நெறி மருத்துவத் துறைக்கும் ஒத்தது என்பதனை இக்கட்டுரையில் காட்ட முயல்கின்றோம். நோயுற்றார் முதன்முதலாக நாடிச் செல்லும் குடும்ப மருத்துவரின் பணியை முதனிலை மருத்துவம் என்பர். மக்களுக்கு உண்டாகும் நோய்களுட் பெரும்பாலன மருத்துவமனையை எட்டுவதில்லை. குடும்ப மருத்துவரின் அறையிலேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. ஆதலின் நோய் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு பரவுகின்றது, மருந்தினால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்று அறிய விரும்புவார்க்குக் குடும்ப மருத்துவரின் குறிப்புக்களினும் சிறந்த சான்று அரிது. அக்குறிப்புக்களை ஆய்வுக்குரியனவாக ஆக்குதற்குத் தாள், அட்டை, பேரேடு, கணிப்பொறி எனப் பல கருவிகள் காலந்தோறும் கையாளப்பட்டன. அவற்றுள் சில நிலைத்தன, பல மறைந்தன. அதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவிற்கு விடை காண இங்கிலாந்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். 1948ஆம் ஆண்டில் அந்நாட்டில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கப்பெற்ற பின்னர், ஏறத்தாழ ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்துகொண்டனர். ஒருவர் ஊர் மாறினால் அவருடைய ஏடும் உடன் சென்றது. எனவே, ஒருவரது வாழ்நாள் முழுமையையும் ஒரே ஏட்டில் தொடர்ந்து காணும் வாய்ப்பு அங்கே அமைந்தது.

ஒரு கருவியின் பயன்படுதகுதியை அளத்தற்கு உலகத் தர அமைப்பு 1998ஆம் ஆண்டில் ஓர் இலக்கணம் வகுத்தது. இன்ன பயனாளர், இன்ன சூழலில், இன்ன குறிக்கோளை எவ்வளவு நிறைவாகவும், எவ்வளவு சிக்கனமாகவும், எவ்வளவு மனநிறைவோடும் அடைகின்றார் என்பதே அவ்வளவையின் சாரம். இவ்விலக்கணத்துள் பயனாளர் யார் என்னும் கேள்வியே உயிர்நிலையானது. மருத்துவ ஏட்டிற்குப் பயனாளர் மூவகையினர்: எழுதுவோர், எடுத்து ஆய்வோர், எழுதப்படுவோர். முறையே மருத்துவரும் ஆராய்ச்சியாளரும் நோயாளரும் ஆவர். இம்மூவருள் ஒருவரை மறந்து செய்யப்பட்ட கருவி எவ்வளவு நுட்பமுடையதாயினும் நிலைபெறவில்லை என்பதே யாம் கண்ட முடிபு.

2. உறையும் வண்ணக் கட்டமும்

இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் குடும்ப மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கென்சி (1853-1925), தம்மிடம் வந்த நோயாளரின் நாடித் துடிப்பை வரைந்து ஆராய்ந்தவர். தொடக்கத்தில் இருந்த கருவி புகையூட்டிய தாளில் வரைவது. அதனை நோயாளரின் படுக்கையருகே கொண்டு செல்லுதல் எளிதன்று. உள்ளூர்க் கடிகாரத் தொழிலாளர் ஒருவர் துணைகொண்டு, மையால் நீண்ட தாட்சுருளில் வரையும் கருவியை அவர் அமைத்தார். பல ஆண்டுகள் ஒரே நோயாளரைத் தொடர்ந்து நோக்கியதனால், நாடி தவறித் துடிப்பதெல்லாம் உயிர்க்கு ஊறு விளைப்பதன்று என்று காட்ட அவரால் இயன்றது. நாடி பற்றிய அவர் நூல் 1902இல் வெளிவந்தது. கருவியைச் செய்வித்தவரும், கையாண்டவரும், அதன் பயனை ஆய்ந்தவரும் ஒருவரே என்பது ஈண்டுக் கருதற்பாலது.

1911ஆம் ஆண்டில் லாயிட் ஜார்ஜ் கொணர்ந்த தேசியக் காப்புறுதிச் சட்டத்தை அடுத்துத் தொழிலாளர்க்கு மருத்துவ ஏடு வைத்தல் ஏற்பட்டது. ஏறக்குறைய 7 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உடைய ஒரு கெட்டித்தாள் உறை. அதனுள் மடித்துச் செருகிய அட்டைகள். இதுவே 'லாயிட் ஜார்ஜ் உறை' எனப் பெயர் பெற்றுப் பல தலைமுறைகட்கு நின்றது. இடம் சிறிது, கையெழுத்தோ பிறரால் படிக்க அரிது. ஆய்வாளன் நோக்கில் இஃது ஓர் இடர்மிக்க ஏடு. ஆயின் மருத்துவர்க்கு அது போதியதாக இருந்தது. தாம் முன்னரே அறிந்த ஒருவரைப் பற்றிய நினைவைத் தூண்ட இரண்டு சொற்கள் போதுமல்லவா?

அவ்விரண்டு சொற்களையும் ஆய்வுக்குரியனவாக மாற்றியவர் வில்லியம் பிக்கிள்ஸ் (1885-1969). யார்க்குசயர் மாவட்டத்தில் வென்சிலிடேல் என்னும் பள்ளத்தாக்கில், ஆய்சுகார்த்து ஊரில் அவர் மருத்துவம் செய்தார். மலைகளிடையே ஒதுங்கிய சிற்றூர்கள் ஆதலின், வெளியிலிருந்து யார் வந்தார், யார் எவரைச் சந்தித்தார் என்பன மறைவாக இரா. நாள்தோறும் கண்ட தொற்றுநோயாளரின் பெயரையும் ஊரையும் அவர் குறித்து வைத்தார். அவர் மனைவியார் அவற்றைக் கட்டமிட்ட தாளில், நாளுக்கொரு கட்டமும் நோய்க்கொரு வண்ணமுமாகப் படமாக்கினார். 1929ஆம் ஆண்டில் காமாலை நோய் பரவியபோது, ஏறக்குறைய 5,700 பேர் வாழ்ந்த அப்பகுதியில் 250க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஊர் விழாவிற்கு வந்திருந்த ஒரு நோயுற்ற பெண்ணிடமிருந்து தொற்று விரிந்ததனை அவர் தேடிக் கண்டார். தொற்றிய நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 26 முதல் 35 நாட்கள் எனவும் வரையறுத்தார். நாட்டுப்புற மருத்துவத்தில் நோய்ப்பரவல் பற்றிய அவர் நூல் 1939இல் வெளிவந்தது.

கட்டமிட்ட தாளும் வண்ண மையுமே பிக்கிள்சு கையாண்ட பொறிகள். அவற்றின் ஆற்றல் பொறியினால் வந்ததன்று. எழுதுவோரும் ஆய்வோரும் ஒருவராக இருந்தமையால் வந்தது. எழுதப்படுவோரும் அவரை நேரில் அறிந்திருந்தனர். இவ்வொருமை குலைந்த பின்னரே சிக்கல்கள் தோன்றலாயின.

3. கல்லூரியும் பேரேடுகளும்

1952ஆம் ஆண்டில் குடும்ப மருத்துவர் கல்லூரி நிறுவப்பெற்றது. பிக்கிள்சே அதன் முதல் தலைவரானார். ஓர் ஊர் மருத்துவர் தனித்துச் செய்ததனை நூற்றுக்கணக்கான மருத்துவர் கூடிச் செய்தால் என்ன என்னும் எண்ணம் இக்கல்லூரியினரிடம் எழுந்தது. அரசின் பொதுப் பதிவாளர் அலுவலகமும் கல்லூரியும் சேர்ந்து 1955-56இல் முதல் தேசிய நோய்க்கணக்கை எடுத்தன. 106 மருத்துவ நிலையங்களைச் சார்ந்த 171 மருத்துவர்கள் ஓராண்டுக் காலம் தாம் கண்டவற்றைப் பதிந்தனர். நாட்டில் மக்கள் எந்நோய்க்காக மருத்துவரை நாடுகின்றனர் என்பது முதன்முறையாக எண்ணால் விளங்கிற்று. இத்தகைய கணக்கு 1970களிலும் 1981-82இலும் மீண்டும் எடுக்கப்பட்டது; 1991-92இல் எடுத்த நான்காவது கணக்கில் கணிப்பொறி இடம்பெற்றது.

அக்காலத்தே எய்மர்ல் என்னும் மருத்துவர் வகுத்த பேரேடு ஒன்றும் பரவியது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தாள். ஒரு நோயாளர்க்கு நோய் இன்னதென்று துணிந்தவுடன் அந்நோய்க்குரிய தாளில் அவரைப் பதிதல் வேண்டும். ஆண்டு முடிவில் ஒரு நோயினர் அனைவரையும் ஒரு தாளிற் காணலாம். ஆய்வோர்க்கு இதனினும் எளிய கருவி அன்று இல்லை. ஆனால் எழுதுவோர்க்கோ ஒரு செய்தியை இருமுறை எழுதும் சுமை. உறையில் ஒருமுறை, பேரேட்டில் ஒருமுறை. காத்திருப்போர் பலராக இருக்கும் மாலை வேளையில், இரண்டாவது எழுத்தே முதலில் கைவிடப்படும். ஆர்வம் மிக்க சில மருத்துவரே இதனை நெடுங்காலம் நடத்தினர். அவர்தம் ஏடுகள் சிறந்தவை. ஆயின் ஆர்வமுடையாரைக் கொண்டு அனைவரையும் அளத்தல் முறையாகாது.

அற்றேல், தனியே எழுதச் செய்யும் முயற்சியெல்லாம் தோற்குமோ எனின், தோற்காது என்பதற்கும் சான்றுண்டு. 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் கல்லூரி கருத்தடை மாத்திரை பற்றிய ஆய்வைத் தொடங்கியது. 1,400 மருத்துவர்கள் ஏறக்குறைய 46,000 மகளிரைச் சேர்த்தனர். அவருள் ஒரு பாதியினர் மாத்திரை உண்டோர், மறு பாதியினர் உண்ணாதோர். ஆறு திங்களுக்கொரு முறை மருத்துவர் படிவம் நிரப்பி அனுப்பினர். கிளிஃபர்டு கே முன்னின்று நடத்திய இவ்வாய்வின் முதற் பெரும் அறிக்கை 1974இல் வெளிவந்தது. அம்மகளிரின் வரலாறு அதன் பின்னரும் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கப்பட்டது. இஃது எவ்வாறு கைகூடிற்று? கேள்வி ஒன்றே, அது தெளிவானது. நலமுள்ள இலட்சக்கணக்கான பெண்களுக்குத் தம் கையாலேயே எழுதித் தரும் மாத்திரை தீங்கு செய்யுமோ என்னும் கவலை ஒவ்வொரு மருத்துவர் உள்ளத்திலும் இருந்தது. படிவத்தை நிரப்பிய உழைப்பு, தம் ஐயத்தைத் தாமே தீர்க்கும் உழைப்பாயிற்று. எனவே சுமையின் அளவு மட்டுமன்று, அச்சுமை யாருடைய கேள்விக்காக என்பதும் பயன்படுதகுதியின் ஒரு கூறாகும் எனல் பொருந்தும்.

4. கணிப்பொறியின் வரவு

1970களில் எக்சிட்டர் நகரில் குடும்ப மருத்துவர் அறைக்குள் கணிப்பொறி முதன்முதல் நுழைந்தது. 1982இல் அரசு, குடும்ப மருத்துவர்க்குச் சிறு கணிப்பொறிகள் வாங்க உதவும் ஒரு திட்டத்தை வகுத்து, 150 நிலையங்களுக்குச் செலவிற் பாதியை ஏற்றது. எனினும் பரவலாக நுழையச் செய்தது வணிக முயற்சியே. 1987ஆம் ஆண்டில் 'வாம்ப்' என்னும் நிறுவனம் மருத்துவர்க்குக் கணிப்பொறியை விலையின்றித் தர முன்வந்தது. அதற்கு ஈடாக, நோயாளரின் பெயர் நீக்கிய குறிப்புக்களை ஒழுங்காகப் பதிந்து நிறுவனத்திற்குத் தருதல் வேண்டும். இலவசத் திட்டம் நெடிது நில்லாவிடினும், திரண்ட தரவுத்தொகுதி அழியவில்லை. 1994இல் அது அரசின் நலவாழ்வுத் துறைக்கு அளிக்கப்பட்டது. பொது மருத்துவ ஆய்வுத் தரவுத்தொகுதி எனப் பெயர் பெற்று, 2012இல் விரிந்த அமைப்பாக மாறி இன்றளவும் நடைபெறுகின்றது.

இத்தொகுதி ஏன் பயன்பட்டது? இதன் விடை மருந்துச் சீட்டில் உள்ளது. நெடுநாள் நோயாளர்க்குத் திங்கள்தோறும் அதே மருந்தை மீண்டும் மீண்டும் கையால் எழுதுதல் மருத்துவர்க்குப் பெருந்தொல்லை. கணிப்பொறி அச்சீட்டை அச்சிட்டுக் கொடுத்தது. அச்சிட்ட கணமே அது பதிவும் ஆயிற்று. ஆய்வுக்கென்று ஒரு சொல்லும் தனியே எழுத வேண்டியதில்லை. ஆதலின் மருத்துவர் எழுதித் தந்த மருந்துகள் பற்றிய பதிவு பெரும்பாலும் நிறைவாக அமைந்தது. மருத்துவமனையில் தந்த மருந்தும், நோயாளர் கடையில் தாமே வாங்கிய மருந்தும் அச்சீட்டின் வழி வாராமையின் பதிவிலும் இடம்பெறவில்லை. எழுதுவோனின் தேவை எதுவரை சென்றதோ, ஏட்டின் நிறைவும் அதுவரையே சென்றது.

நோய்ப் பெயரைப் பொறுத்தமட்டில், பதிவு உண்மையோ என்று ஆராய வேண்டியிருந்தது. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மருத்துவமனை வல்லுநர் எழுதிய கடிதங்களைக் கணிப்பொறிப் பதிவோடு ஒப்பிட்டது. கடிதத்திற் கண்ட நோய் 87 விழுக்காட்டினர் பதிவில் இடம்பெற்றிருந்தது. 2010இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இத்தொகுதியின் நோய்ப் பதிவுகளைச் சரிபார்த்த 212 வெளியீடுகளைத் திரட்டி நோக்கியது. மெய்யென உறுதிப்பட்ட பதிவுகளின் இடைநிலை அளவு 89 விழுக்காடு. சாசனத்தின் காலத்தை எழுத்தமைதியால் சரிபார்ப்பது போல, இஃதும் ஏட்டின் நம்பகத்தைச் சரிபார்க்கும் பணியாகும்.

இப்பணி ஏட்டறிவுக்கு மட்டும் பயன்பட்டதன்று. 1998இல், தட்டம்மை முதலிய மூன்று நோய்களைத் தடுக்கும் ஊசி குழந்தைகட்கு ஆட்டிசத்தை உண்டாக்கும் என்ற ஐயத்தை ஒரு கட்டுரை எழுப்பியது; பெற்றோர் பலர் அஞ்சினர்; ஊசி போடுதல் குறைந்தது. 2004இல் இத்தரவுத்தொகுதியைக் கொண்டு 1,294 ஆட்டிசக் குழந்தைகளையும் ஒப்பீட்டுக்குரிய 4,469 பேரையும் நோக்கிய ஆய்வு, ஊசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பில்லை எனக் காட்டியது. முன்னைய கட்டுரை 2010இல் வெளியிட்ட இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. அச்சத்தைத் தணிக்க உதவிய சான்றுகளுள் ஒன்று, அதனைக் கருதாது குடும்ப மருத்துவர்கள் அன்றாடம் எழுதிய குறிப்பே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

5. குறியெண்ணின் வரம்பு

கணிப்பொறி எண்ண வேண்டுமாயின் சொற்கள் குறியெண்களாதல் வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ரீடு என்னும் குடும்ப மருத்துவர் வகுத்த குறியெண்முறை நாடெங்கும் பரவியது. 1990இல் அரசு அதனை வாங்கியது. 2018 முதல் குடும்ப மருத்துவத்தில் அதனிடத்தை வேறோர் உலகப் பொதுமுறை பெறலாயிற்று. ஆயின் மருத்துவர் எண்ணத்தில் உள்ளதெல்லாம் எண்ணிற்குள் அடங்குவதன்று. ஹெரால்டு கார்ஃபிங்கல் என்னும் அமெரிக்கச் சமூகவியலார், மருத்துவ ஏடுகள் ஆய்வாளர்க்குக் குறையுடையனவாகத் தோன்றுதற்கு எழுதுவோரிடத்தில் தக்க காரணங்கள் உண்டு என 1967இல் எழுதினார். அவர் கருத்தைப் பின்பற்றி இங்கிலாந்தில் ஹீத், லஃப் என்னும் இருவர் குடும்ப மருத்துவர் அறையில் அமர்ந்து நோக்கினர். கணிப்பொறி வந்த பின்னும் மருத்துவர் பழைய தாளுறையை விடவில்லை என 1996இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். தாளில் ஒரு குறிப்பிற்கு அருகே மற்றொன்று அமைந்த முறையும் இடைவெளியும் பொருள் தந்தன. நோயாளரிடம் பேசிக்கொண்டே ஒரு பார்வையில் அவற்றை அறியலாம். கட்டங்களாகப் பிரித்த திரையில் அப்பொருள் சிதறிற்று.

பதிவிற்குக் கூலி தருவதும் பதிவின் பொருளை மாற்றும். 2004இல் அரசு, குறித்த சிலவற்றைச் செய்து பதிந்த மருத்துவர்க்கு மிகுபணம் தரலாயிற்று. சேர்த்துக் கேட்கப்பட்டவை செம்மையாகப் பதியப்பட்டன. ஆனால் சொல்லைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மருத்துவர் கையிலேயே இருந்தது. மனச்சோர்வு பற்றிய ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. 1996க்கும் 2006க்கும் இடையே 'மனச்சோர்வு நோய்' என்னும் பதிவு ஆண்டுதோறும் ஆயிரவர்க்கு 22.5 என்பதிலிருந்து 14.0 ஆகக் குறைந்தது; 'மனச்சோர்வுக் குறிகள்' என்னும் பதிவோ 5.1 என்பதிலிருந்து 15.5 ஆக உயர்ந்தது. பதிவுகளை மட்டும் எண்ணுவோன் நோய் குறைந்தது என மயங்குவான். இரண்டனையும் கூட்டினால் ஏறக்குறைய அதே தொகைதான் வருகின்றது. மாறியது பெயரேயன்றிப் பிணியன்று எனக் கொள்ளலே தக்கது. இது பாடவேறுபாட்டை ஆராயாது ஒரே ஏட்டை நம்பிய பதிப்பாசிரியன் நிலையை ஒக்கும்.

அங்ஙனமாயின் எழுதுவோனை எவ்வாறு ஊக்குதல் வேண்டும்? ஐரோப்பிய நாடுகள் 2010 முதல் 2015 வரை நடத்திய ஒரு கூட்டு முயற்சி இதற்கு வழி காட்டுகின்றது. நோயாளர் வந்த காரணத்தைக் குறித்தவுடன், கருதத்தக்க நோய்களைத் திரையில் காட்டும் ஒரு கருவி அம்முயற்சியிற் செய்யப்பட்டது. 34 மருத்துவர்கள் நோயாளராக நடித்தோரைக் கண்டு அதனைப் பயன்படுத்தியதனை ஆராய்ந்து 2017இல் எழுதினர். நோயைச் சரியாக அறிந்தமை பாதியளவிலிருந்து 58 விழுக்காடாக உயர்ந்தது. நோயாளரைக் காணும் நேரம் மிகவில்லை. கருவியின்றிச் சராசரி இரண்டுக்கும் குறைவாகப் பதிந்த குறிகள், கருவியோடு பன்னிரண்டாயின. மருத்துவர் ஆய்வாளர்க்காகப் பதியவில்லை. பதிந்தால் தமக்கு உடனே துணை கிடைக்கும் என்பதற்காகவே பதிந்தனர். எய்மர்லின் பேரேட்டிற்கும் இக்கருவிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதனுள் அடங்கும்.

6. எழுதப்படுவோர்

இதுகாறும் எழுதுவோரையும் எடுப்போரையும் நோக்கினோம். மூன்றாமவரை மறந்ததன் விளைவு 2014இல் தோன்றிற்று. குடும்ப மருத்துவர் ஏடுகளை ஒருங்கு திரட்டி மருத்துவமனைப் பதிவுகளோடு இணைக்கும் திட்டமொன்றை அரசு வகுத்து, அவ்வாண்டு சனவரியில் வீடுதோறும் துண்டு வெளியீடு அனுப்பியது. தம் அந்தரங்கம் யார் கைக்குச் செல்லும், விற்கப்படுமோ, விலகிக்கொள்வது எவ்வாறு என்னும் கேள்விகட்கு மக்கள் தெளிவான விடை பெற்றிலர். மருத்துவர் பலரும் ஐயுற்றனர். பிப்ரவரியிலேயே திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016 சூலையில் கைவிடப்பட்டது. 2021இல் அதனையொத்த மற்றொரு திட்டமும் மக்கள் விலகத் தொடங்கியதனால் நாள் குறியாது தள்ளி வைக்கப்பட்டது. பொறியியல் நோக்கில் இவை இயலாதன அல்ல. பிக்கிள்சை அவ்வூரார் அறிந்திருந்தது போல ஆய்வோரை இம்மக்கள் அறியாமையே தடையாயிற்று.

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று வந்தபோது வேறொரு வழி வகுக்கப்பட்டது. ஏடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆய்வோர் தம் வினாநிரலை அங்கே அனுப்பிக் கூட்டுத்தொகையை மட்டும் பெறுவர். யார் எதனைக் கேட்டார் என்பது எல்லாரும் காண வெளியிடப்படும். இவ்வகையால் 1 கோடியே 72 இலட்சத்திற்கும் மேற்பட்ட வயது வந்தோர் ஏடுகள் நோக்கப்பட்டு, தொற்றினால் இறந்த 10,926 பேரின் வயது, நோய், வறுமை முதலிய தொடர்புகள் அவ்வாண்டே அறியப்பட்டன. கருவூலத்தை ஊர்விட்டுப் பெயர்க்காது, படியெடுப்போன் அங்கே சென்று பலர் காணப் படித்து வருவது போன்றது இது. நம்பிக்கை என்பது கருவிக்குப் புறத்தே நிற்கும் ஒழுக்கமன்று. கருவியின் அமைப்பினுள்ளேயே வைத்துச் செய்யத்தக்கது என்பதனை இஃது உணர்த்துகின்றது.

7. முடிவுரை

இவ்வரலாற்றால் போதருவன மூன்று. ஒன்று, எழுதுவோர்க்கு எழுதும் அக்கணத்திலேயே பயன்தரும் கருவியே ஆய்வோர்க்கும் நிறைந்த ஏட்டைத் தரும். மருந்துச் சீட்டு இதற்குச் சான்று. இரண்டு, தனிச்சுமையாக எழுதச் செய்யின், அக்கேள்வி எழுதுவோர் நெஞ்சிலும் இருத்தல் வேண்டும். மாத்திரை ஆய்வு இதற்குச் சான்று. மூன்று, எழுதப்படுவோர் உடன்படாவிடின் முன்னைய இரண்டும் வீணாம்.

எனவே, முதனிலை மருத்துவ ஆய்வுக்கெனப் புதிய பொறியொன்று செய்வார், ஆய்வுக்கூடத்தில் அதன் விரைவை அளந்து அமைதல் போதாது. காத்திருப்போர் நிறைந்த மாலை வேளையில், ஒரு நோயாளர்க்கு ஒன்பது அல்லது பத்து நிமிடமே ஒதுக்கக்கூடிய மருத்துவரின் மேசையில் வைத்து அளத்தல் வேண்டும். அவர் எதிரே அமர்ந்திருக்கும் நோயாளரையும் கேட்டல் வேண்டும். கல்லில் எழுத்து நிற்பது கல்லின் வன்மையால். ஏட்டில் உண்மை நிற்பதோ எழுதியவர்க்கும் எழுதப்பட்டவர்க்கும் அது பயன்பட்டமையால். பிக்கிள்சின் வண்ணக் கட்டங்கள் நமக்குக் கற்பிப்பது இதுவே என்று கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.